ஏழாம் வகுப்பும் ஏலக்காயும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ரகம் பேசும்போது இரண்டு எண்கள் வந்துவிடும். ஒன்று மில்லிமீட்டர், காய் எந்தச் சல்லடைக் கண்ணில் நிற்கிறது என்ற கணக்கு. இன்னொன்று ‘லிட்டர் வெயிட்’. ஒரு லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் காயைக் கொட்டி, தலை தட்டி, தராசில் வைத்தால் எத்தனை கிராம் நிற்கிறது என்ற கணக்கு. அக்மார்க் தரவரிசைப்படி 7 மி.மீ. காய் லிட்டருக்கு 435 கிராம் நிற்க வேண்டும். 6 மி.மீ. காய்க்கு 415, 5 மி.மீ.க்கு 385, 4 மி.மீ.க்கு 350. காய் பச்சைப்பசேலென்று கண்ணைப் பறித்தாலும் லிட்டர் வெயிட் இறங்கினால் விலையும் இறங்கும்.

அங்கிருந்து தேனி வழியாக முப்பது கிலோமீட்டர் வந்தால் பெரியகுளம். இங்கே, தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே, ஏழாம் வகுப்பு அறிவியலில் முதல் பருவத்தின் முதல் பாடம் அளவீட்டியல். பரப்பளவு, பருமன் என்று வரிசையாகப் போய் அடர்த்திக்கு வந்து நிற்கும். நிறையைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி. அலகு, ஒரு கனமீட்டருக்கு இத்தனை கிலோகிராம். தண்ணீர் 1,000. மண்ணெண்ணெய் 800. இரும்பு 7,800. பாதரசம் 13,600. தங்கம் 19,300. பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். இரண்டு எண்கள் கொடுத்தால் வகுத்து மூன்றாவதைச் சொல்லியும் விடுவார்கள். மதிப்பெண்ணும் விழும்.

போடிக்காரர் சொல்லும் 435-ம் இந்தப் பட்டியலில் உட்கார வேண்டிய எண்தான். கிராமைக் கிலோவாக்க ஆயிரத்தால் வகுக்கிறோம். லிட்டரைக் கனமீட்டராக்கவும் ஆயிரத்தால் வகுக்கிறோம். இரண்டும் அடிபட்டுப் போகின்றன. லிட்டருக்கு 435 கிராம் என்றால் கனமீட்டருக்கு 435 கிலோ. சந்தைக்காரர் சர்வதேச அலகு முறையில்தான் பேசுகிறார். அவருக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இல்லை. பிள்ளைக்குத் தெரிய வேண்டும். பெரியகுளத்துப் பிள்ளைக்குத் தெரியாமல் போவதுதான் எனக்கு வருத்தம்.

சந்தையின் லிட்டர் வெயிட்டும் பாடத்தின் அடர்த்தியும் ஒரே பொருளைச் சொல்கின்றனவா என்று கேட்டால், ஆமாம் என்று முழுதாகச் சொல்ல முடியாது. அங்கேதான் விஷயமே இருக்கிறது.

முதலில், சந்தை ஒரு கையைக் கட்டிப்போட்டுக்கொண்டு அளக்கிறது. பருமன் எப்போதும் ஒரு லிட்டர். மாறுவது எடை மட்டுமே. ஆகவே வகுத்தல் கிடையாது. தராசில் தெரியும் எண்ணே விடை. பள்ளியோ இரண்டு கைகளையும் அவிழ்த்துவிடுகிறது. நிறையும் மாறும், பருமனும் மாறும், இரண்டுக்கும் இடையிலுள்ள விகிதத்தைப் பிள்ளை மனத்தில் பிடிக்க வேண்டும். பன்னிரண்டு வயதில் விகிதம் பிடிபடுவது லேசான காரியம் இல்லை. ஐந்தாம் வகுப்பிலிருந்தே ‘ஒன்றின் மதிப்பு காணல்’ என்று கணக்கில் படித்துவருகிறார்கள்: ஆறு பேனா 90 ரூபாய் என்றால் ஒரு பேனா என்ன விலை? அடர்த்தி என்பது அந்தக் கணக்கேதான். ஒரு லிட்டரின் எடை. ஆனால் கணக்கு வாத்தியார் சொன்னதை அறிவியல் வகுப்பில் யாரும் நினைவூட்டுவதில்லை. D = M/V என்று எழுதி, முக்கோணம் வரைந்து, எதை மூடினால் எது வரும் என்று காட்டிவிடுகிறோம். முக்கோணம் விடையைத் தரும், பொருளைத் தராது.

ஆணியையும் விறகுக்கட்டையையும் மேசையில் வைத்து, எதற்கு அடர்த்தி அதிகம் என்று கேட்டுப் பாருங்கள். சூத்திரத்தை ஒப்பிக்கும் பிள்ளையும் கட்டையைக் காட்டும். கட்டைதானே கனம்! அமெரிக்காவில் கரோல் ஸ்மித், சூசன் கேரி, மரியான் வைசர் மூவரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வொன்று இதைத்தான் பேசியது: சிறு பிள்ளைகளின் மனத்தில் எடையும் அடர்த்தியும் இரு கருத்துகளாகப் பிரிந்திருப்பதில்லை, ‘கனம்’ என்ற ஒற்றைக் கருத்தாகவே கிடக்கின்றன. தமிழில் இதைச் சொல்ல ஆய்வே வேண்டாம். ஒரு கிலோ பஞ்சு, ஒரு கிலோ இரும்பு, எது கனம் என்ற பழைய புதிர் போதும். அந்தப் புதிர் ஏமாற்றுவது கனம் என்ற சொல்லை வைத்துத்தான். இரும்பு கனம், பஞ்சு லேசு என்று சொல்லும்போது அடர்த்தியைச் சொல்கிறோம். மூட்டை கனமாக இருக்கிறது என்னும்போது எடையைச் சொல்கிறோம். கனமீட்டர், கனசதுரம் என்று வந்தால் அதே ‘கன’ பருமனைச் சொல்கிறது. வகுக்கும் எண், வகுபடும் எண், ஈவு மூன்றுக்கும் ஒரே சொல்!

இலங்கையில் படித்த நண்பர்களோடு பேசும்போது குழப்பம் இன்னொரு சுற்றுச் சுற்றும். நாம் நிறை என்பதை அவர்கள் திணிவு என்கிறார்கள்; நாம் எடை என்பதை அவர்கள் நிறை என்கிறார்கள்; பருமனுக்கு அவர்கள் சொல் கனவளவு. அடர்த்தி மட்டும் இரு கரையிலும் அடர்த்தி. கனவளவு நல்ல சொல் என்பது என் கட்சி. பருமன் என்றவுடன் நம் வகுப்பில் இரண்டு பேர் மூன்றாமவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

சொல்லால் வரும் சங்கடம் இதோடும் நிற்பதில்லை. ஒரு முறை வகுப்பொன்றில் கண்ணாடித் தம்ளரில் தண்ணீருக்கு மேல் நல்லெண்ணெயை ஊற்றிக் காட்டியபோது, பின்வரிசைப் பையன் எழுந்தான். “எண்ணெய் தண்ணியை விடக் கெட்டியாத்தான சார் இருக்கு? அப்புறம் ஏன் மேல மெதக்குது?” இதைவிட நல்ல கேள்வியை நான் கேட்டதில்லை. கெட்டிக் குழம்பு, கெட்டித் தயிர் என்று வீட்டில் புழங்கும் கெட்டி வேறு. அது ஒழுகத் தயங்கும் குணம், பாகுத்தன்மை. விளக்கெண்ணெய் எவ்வளவு கெட்டி! ஆனால் லிட்டர் 960 கிராம்தான். தண்ணீரில் மிதக்கும். தேன் கெட்டி, லிட்டருக்கு 1,400 கிராமும் இருக்கும், மூழ்கும். பாதரசம் தண்ணீர் போலச் சிலுசிலுவென்று ஓடும். லிட்டர் 13 கிலோ 600 கிராம். அந்தப் பையனுக்குச் சூத்திரத்தை வைத்து விளக்க முடியவில்லை. ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிக் காட்டியதும் அடங்கினான். அதில் 1 லிட்டர் என்றும், அதற்குப் பக்கத்திலேயே 910 கிராம் என்றும் அச்சடித்திருந்தது. நிறையும் பருமனும் ஒரே உறையில். ஏழாம் வகுப்புப் பாடம் மளிகைக் கடையில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பாக்கெட்டுக்கு ஒரு கதையும் உண்டு. எண்ணெய் நிறுவனங்கள் சில, உறைமேல் லிட்டரைப் போடும்போது 60 பாகை செல்சியஸில் இத்தனை லிட்டர் என்று போட்டுவந்தன. சூடேறினால் எண்ணெய் விரியும். குறைந்த எடையிலேயே லிட்டர் நிறைந்துவிடும். சோயா எண்ணெய் 21 பாகையில் லிட்டருக்கு 919 கிராம். 60 பாகையில் 892.6 கிராம். வித்தியாசம் 26 கிராமுக்கு மேல். தேனி மாவட்டத்துச் சித்திரை வெயிலிலும் எந்தச் சமையலறை அலமாரியும் 60 பாகை போகாது. 2022-இல் ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை, வெப்பநிலையைக் குறிக்காமல் லிட்டரையும், கூடவே எடையையும் சரியாக அச்சிடும்படி சொன்னது. அடர்த்தி வெப்பத்தோடு மாறும் என்ற ஒரு வரி, நாட்டின் எல்லா அடுக்களைகளிலும் காசாக மாறும் இடம் இது. ‘வெப்பநிலை உயர்ந்தால் அடர்த்தி குறையும்’ என்று கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்வதைவிட இதை ஒரு முறை சொன்னால் போதாதா?

இனி இரண்டாவது வேறுபாட்டுக்கு வருவோம். முதலாவதைவிட ஆழமானது இதுதான்.

ஒரு லிட்டர் அரிசியை எடை போட்டால் 800 கிராமை ஒட்டி வரும். தண்ணீர் லிட்டருக்கு 1,000 கிராம். அரிசியின் எண் தண்ணீரின் எண்ணைவிடக் குறைவு. அப்படியானால் அரிசி களையும்போது மிதக்க வேண்டுமே? மிதப்பதில்லை. பானையின் அடியில் அல்லவா உட்கார்ந்திருக்கிறது! இந்தக் கேள்வியை வகுப்பில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றால் பத்து நிமிஷம் நல்ல சண்டை நடக்கும். யாராவது ஒரு பெண், “நடுவுல காத்து இருக்குல்ல” என்பாள். அதோடு பாடம் முடிந்தது. அரிசி நிரம்பிய அந்த லிட்டருக்குள் மெதுவாகத் தண்ணீரை ஊற்றினால் 430 மில்லி அளவுக்கு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். அரிசிமணிகள் அடைத்துக்கொண்டிருப்பது மிச்ச இடத்தைத்தான். 800 கிராமை 570 மில்லிக்குப் பங்கிட்டால் மில்லிக்கு 1.4 கிராம். அதனால்தான் மூழ்குகிறது. ஆற்று மணலிலும் செய்து பார்க்கலாம். ஒரு லிட்டர் உலர்ந்த மணல் 1.6 கிலோ, அதுவும் 400 மில்லி தண்ணீர் குடிக்கும், மணல்துகளின் அடர்த்தி 2.65-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

ஆக, சந்தையின் லிட்டர் வெயிட்டில் காற்றும் சேர்ந்திருக்கிறது. பள்ளியின் அடர்த்தியில் காற்றுக்கு இடமில்லை. முன்னது குவியலின் அடர்த்தி, பின்னது பொருளின் அடர்த்தி. ஏலக்காய்க்கு இது இரண்டு அடுக்கு. காய்களுக்கு இடையே காற்று. தோலுக்கும் விதைக்கும் நடுவே, காய்க்குள்ளேயும் காற்று. குவியலில் நூற்றுக்கு நாற்பது இடைவெளி என்று வைத்துக்கொண்டால் 435 கிராம் நிற்கும் ரகத்தில் ஒரு காயின் அடர்த்தி 0.7-ஐத் தாண்டிச் சற்று நிற்கும். பாயசத்தில் தட்டாமல் போட்ட காய் ஏன் மேலேயே நீந்துகிறது என்பதற்கு அதுவே பதில்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. சின்னக் காய் என்றால் லிட்டரில் நிறையக் கொள்ளும், ஆகவே எடை கூடும் என்றுதான் பிள்ளைகள் (பெரியவர்களும்) நினைப்பார்கள். எண்ணிக்கை கூடும், உண்மை. ஆனால் ஒரே வடிவமுள்ள காய்கள் என்றால், சிறிதானாலும் பெரிதானாலும் இடைவெளியின் பங்கு ஏறக்குறைய மாறாது. பெரிய காயில் பெரிய பெரிய சந்து, சின்னக் காயில் சின்னச் சின்னச் சந்து, கூட்டினால் ஒன்றே. அப்படியிருந்தும் 7 மி.மீ. காய்க்கு 435, 4 மி.மீ. காய்க்கு 350 என்று தரவரிசை இறங்குகிறதே, ஏன்? வித்தியாசம் காய்க்குள் இருக்கிறது. பெரிய காயில் விதை நிறைந்து முற்றியிருக்கிறது. சின்னக் காயில் தோல் பாதி, வெற்றிடம் பாதி. காயை உடைக்காமலே உள்ளே எட்டிப் பார்க்கிறது அந்த லிட்டர் பாத்திரம். பள்ளியின் ‘சரியான’ அடர்த்தியைக் கண்டுபிடிக்கிறேன் என்று காற்றையெல்லாம் விலக்கி அளந்தால் வியாபாரிக்கு வேண்டிய செய்தியே கைநழுவிப் போயிருக்கும். அவருக்கு வேண்டியதே காற்று எவ்வளவு என்பதுதான்.

அதற்காகச் சந்தை அளவைக் கண்ணை மூடி நம்பிவிடவும் முடியாது. படி வைத்து அளந்த காலத்துச் சங்கதிகள் நம் வீடுகளில் இன்னும் பேச்சாக இருக்கின்றன: கொடுக்கும்போது தலை தட்டிக் கொடுப்பது, வாங்கும்போது கோபுரமாக வாங்குவது, படியைக் குலுக்குவது, குலுக்காமல் விடுவது. இடைவெளி என்பது குலுக்கினால் மாறும் சரக்கு. ஈரமும் ஏமாற்றும். ஏலக்காய் சரியாக உலராவிட்டால் தண்ணீரின் எடை கூடி லிட்டர் வெயிட்டைத் தூக்கிக் காட்டும். அதனால்தான் எண்ணைப் பார்த்த பிறகும் வியாபாரி ஒரு காயை நசுக்கிப் பார்க்கிறார். கட்டட மணல் இதற்கு நேரெதிர். லேசாக நனைந்த மணல் உப்பும்; நூறு கனஅடி கொண்ட ஒரு ‘யூனிட்’டில் மணல் குறைவாகவே ஏறும். மழைக்கு மறுநாள் மணல் அடிப்பவர் கவனிக்க.

பொரியை மட்டும் இன்றைக்கும் படியில்தான் அளக்கிறார்கள். ஆயுத பூஜைக்கு ஒரு கிலோ பொரி கேட்டால் சாக்கோடு தூக்கி வர வேண்டியதுதான். கடைக்காரருக்கு அடர்த்தி தெரியும்.

மக்கள் அடர்த்தி என்று சமூக அறிவியலில் வருவதும் குவியல் அடர்த்தியின் குடும்பத்தைச் சேர்ந்ததே. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 555 பேர். அந்தச் சராசரிக்குள் மேகமலைக் காடும் இருக்கிறது, சென்னையின் சந்தும் இருக்கிறது. அரிசிமணியும் காற்றும் போல.

பள்ளியின் அடர்த்திக்கு வருவோம். அதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. இது என்ன பொருள் என்ற கேள்விக்கு விடை சொல்லச் சந்தையின் லிட்டரால் ஆகாது. ஒரு மோதிரத்தை லிட்டர் பாத்திரத்தில் போட்டு என்ன காண்பது? ஆர்க்கிமிடீஸின் மகுடக் கதையை விட்ருவியஸ் எழுதிவைத்து இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. கதை நடந்ததோ இல்லையோ, கேள்வி உண்மையானது. கோணல்மாணலான ஒரு பொருளின் பருமனைத் தண்ணீரை விலக்கவைத்துக் காண்பது, அதனால் நிறையை வகுப்பது, வந்த எண் 19.3-ஆ என்று பார்ப்பது. ஒரு குண்டுமணித் தங்கமும் ஒரு கட்டித் தங்கமும் அதே எண்ணைத்தான் காட்டும். அளவு மாறினாலும் மாறாத ஒன்றைப் பொருளுக்குள் கண்டுபிடித்தது பெரிய சாதனை. அந்த மாறாத்தன்மையைத் தருவது வகுத்தல்தான். சந்தைக்கு அது வேண்டியிருக்கவில்லை; அதனால் சந்தை அதைக் கண்டுபிடிக்கவுமில்லை.

ஆனால் இவ்வளவு பெரிய கருத்தை நாம் என்ன செய்கிறோம்? ஒரு கணக்கு எழுதுகிறோம்: 4 கனமீட்டர் பருமனுள்ள திண்ம உருளையின் நிறை 280 கிலோ, அடர்த்தி என்ன? எழுபது. சரி, முழு மதிப்பெண். கனமீட்டருக்கு 70 கிலோ என்றால் தக்கையைவிட எவ்வளவோ லேசு. ஆளுயர உருளையைக் கடலில் போட்டால் பத்தில் ஒரு பங்குகூட முங்காது. அது என்ன உருளை என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. கேட்டால் நேரம் போகும் என்று நாமும் விடுவதில்லை. விடை வந்ததும் அட்டவணையைப் புரட்டி, இது எதுவாக இருக்கும் என்று தேடும் பழக்கம் இல்லாத வரை அடர்த்திக் கணக்கு வெறும் வகுத்தல் கணக்குதான்.

லிட்டரைப் பிடித்துக்கொண்டால் அட்டவணைக்கே உயிர் வந்துவிடுகிறது. அரை லிட்டர் பால் பாக்கெட் இரண்டு சேர்ந்தால் ஒரு லிட்டர். அந்த இடத்தில் தங்கத்தை அடைத்தால் 19 கிலோ 300 கிராம், ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒரு கையால் தூக்க முடியாது. இரும்பு என்றால் 7 கிலோ 800. காற்று என்றால் 1.2 கிராம். அவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்குவார்கள். வகுப்பறையை அளக்கச் சொல்லுங்கள். ஆறு மீட்டர் நீளம், ஆறு அகலம், மூன்று உயரம் என்றால் 108 கனமீட்டர். உள்ளிருக்கும் காற்றின் நிறை 130 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வாத்தியாரைவிடக் கனம். (இந்த இடத்தில் வகுப்பு கட்டாயம் சிரிக்கும், சிரிக்கட்டும்.)

இதுவரை எடையும் லிட்டரும் பேசினோம். பெரியகுளத்துக்கென்று மூன்றாவது கருவி ஒன்று இருக்கிறது: வாளித் தண்ணீர்.

காசா, கல்லாமை, செந்தூரம், அல்போன்சா என்று இந்த ஊர்த் தோப்புகளில் மாங்காய்க்குப் பஞ்சமில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இங்கேயே இருக்கின்றன, நாடறிந்த பி.கே.எம்.1 முருங்கையின் பெயரிலுள்ள அந்த மூன்றெழுத்து பெரியகுளம்தான். மாங்காய் பறிக்கும் பக்குவத்துக்கு வந்ததா என்று அறியத் தோட்டக்கலையில் சொல்லும் அடையாளங்கள் பல: தோள் பருத்திருக்கிறதா, நிறம் மங்கியிருக்கிறதா, காம்படி குழிந்திருக்கிறதா. அவற்றில் ஒன்று, தண்ணீரில் போட்டுப் பார்ப்பது. முற்றிய காய் மூழ்கும், இளங்காய் மிதக்கும். அல்போன்சாவுக்கு ஒப்படர்த்தி (தண்ணீரை 1 என்று வைத்துச் சொல்லும் அடர்த்தி) 1.01 முதல் 1.02 வரை வந்தால் பறிக்கலாம் என்பது கணக்கு. முற்ற முற்றக் காயில் மாவுச்சத்து ஏறுகிறது. மாவுச்சத்து தண்ணீரைவிடக் கனம். ஒரு கட்டத்தில் காய் தண்ணீரை முந்திவிடுகிறது.

இதைப் பள்ளி முறையில் செய்து பார்த்திருக்கிறேன். காயின் எடை 250 கிராம். பெரிய அளவுசாடியில் போட்டால் தண்ணீர் 245 மில்லி ஏறியது. 250-ஐ 245-ஆல் வகுத்தால் 1.02. முற்றிய காய், மிக நன்று! ஆனால் ஒரு மாங்காய் நுழையும் அளவுக்கு வாயகன்ற சாடியில் கோடுகள் பத்து மில்லிக்கு ஒன்றாகத்தான் இருக்கின்றன. நான் படித்த 245 உண்மையில் 240-ஆகவும் இருக்கலாம், 250-ஆகவும் இருக்கலாம். முதலாவது என்றால் அடர்த்தி 1.04, இரண்டாவது என்றால் 1.00. முற்றியதா இல்லையா என்று கேட்டால் என் சூத்திரம் வாயைத் திறக்காது. வாளியில் போட்டேன், ஒரு நொடியில் அடியில் போய் உட்கார்ந்தது. எண் இல்லை, அலகு இல்லை, வகுத்தல் இல்லை. விடை மட்டும் பிசகில்லாமல் வந்தது.

ஏன் இப்படி? கணக்கிடும்போது இரண்டு அளவீடுகள் எடுக்கிறோம், இரண்டிலும் பிழை நுழைகிறது. வாளி அளப்பதே இல்லை; ஒப்பிடுகிறது. மாங்காயின் எடையையும் அதே பருமனுள்ள தண்ணீரின் எடையையும் நேருக்கு நேர் நிறுத்துகிறது. ஏழாம் வகுப்பில் யாரும் சொல்லித்தராத ஒரு பாடம் இது: சில நேரம் கணக்கிடுவதைவிடப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது துல்லியம். ஆனால் வாளிக்கு ஒரே ஒரு கோடுதான், 1.00. காய் 1.01-ஆ 1.05-ஆ என்று அதைக் கேட்டுப் பயனில்லை.

கோட்டை நகர்த்த வேண்டுமானால் உப்புப் போட வேண்டும். நெல் விதை தேர்ந்தெடுப்பவர்களுக்கு இது கைவந்த வித்தை. தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே வந்து, அதில் போட்ட புது முட்டை மேலே வந்து தலை காட்டியதும் நிறுத்துவது. புது முட்டையின் ஒப்படர்த்தி 1.08-ஐ ஒட்டியது; லிட்டருக்கு 120, 130 கிராம் உப்புக் கரைந்தால் தண்ணீர் அந்த இடத்துக்கு வந்துவிடும். அதில் விதைநெல்லைக் கொட்டினால் பதரும் அரைப்பாலும் மிதக்கும், திரண்ட மணி அடியில் தங்கும். உடனே நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும், இல்லாவிட்டால் முளைப்பு கெடும். முல்லைப் பெரியாறு பாயும் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் இருக்கிறது. முட்டை அங்கே அடர்த்திமானி. கோழி போட்ட உபகரணம்!

கோட்டுக்குப் பதில் அளவுகோலே வேண்டும் என்றால் பால்மானி. நல்ல பால் 1.026-க்கும் 1.032-க்கும் நடுவில் நிற்கும்; தண்ணீர் கலந்தால் கருவி தாழ்ந்து முங்கும். பிள்ளைகளுக்குக் காட்ட அருமையான கருவி. ஆனால் அதை ஏமாற்றும் வழியையும் சேர்த்தே காட்ட வேண்டும். பாலிலிருந்து ஆடையை எடுத்தால் அடர்த்தி கூடும், ஏனென்றால் கொழுப்பு லேசு. பிறகு தண்ணீர் ஊற்றினால் குறையும். இரண்டையும் அளவோடு செய்தால் எண் பழைய இடத்துக்கே வந்து உட்காரும். கொள்முதல் நிலையங்களில் கொழுப்பையும் தனியாகப் பார்ப்பது இதனால்தான். பொருளை அடர்த்தி அடையாளம் காட்டும் என்று பாடம் சொல்வது தனிப்பொருளுக்குச் சரி, கலவைக்குப் போதாது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்ததில் என் தீர்ப்பு இது. புரிந்துகொள்ளச் சந்தை அடர்த்தி மேல்; உண்மையைத் தொடப் பள்ளி அடர்த்தி மேல். குறை பாடத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது. கனமீட்டரில் ஆரம்பித்து, அலகு மாற்றத்தில் மூச்சு முட்டவைத்து, கடைசியில் மிதத்தலுக்கு வருகிறோம். தலைகீழாகப் போகலாம். முதல் நாள் வாளியில் மாங்காய். இரண்டாம் நாள் ஒரு லிட்டர் பாத்திரமும் ஒரு தராசும்: அரிசி, கடலை, பொரி, மணல், எண்ணெய், தண்ணீர். மூன்றாம் நாள் அரிசி ஏன் மிதக்கவில்லை என்ற சண்டை. சூத்திரம் நான்காம் நாள் வரட்டும். அப்போது அதைப் பிள்ளைகளே எழுதிவிடுவார்கள்.

ஆசிரியர்களுக்குப் பெரிய செலவு எதுவும் இதில் இல்லை. அளவீட்டியல் ஏழாம் வகுப்பின் முதல் பாடம். பள்ளி திறந்ததும் ஜூனில் நடத்துவது. அந்த மாதம் பெரியகுளத்துத் தோப்புகளில் மாங்காய் இறங்கி முடிந்திருக்காது.